லாரிப் பட்டறை மாடியில் அயர்லாந்து

பார்க்காத நாட்டைப் பற்றிப் பாடம் நடத்தும் தொழிலில் ஒரு வசதி உண்டு: வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. காணாத நைல் நதியைக் கரும்பலகையில் வரைந்து, அதைக் கோணலாக வரைந்த மாணவருக்கு மதிப்பெண்ணும் குறைத்த ஆசிரியத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழும் சமூக அறிவியலும் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். தமிழ்வழியில் படித்தவள், அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாக நாமக்கல்லில், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில், அயர்லாந்துக்கு வேலைக்குச் செல்லவிருக்கும் செவிலியர்களுக்கு அந்நாட்டு வழக்கங்களையும் நாட்டுப்புற நம்பிக்கைகளையும் கற்பிக்கிறேன். அயர்லாந்து அமைதியான பசுமை நாடு என்கிறார்கள். எனக்கு அது எப்போதும் சம்மட்டிச் சத்தத்தின் நடுவே, இறுக மூடிய சன்னல்களுக்குள்தான் இருந்து வருகிறது.

நியமனம்

பயிற்சி நிலையத்தின் உரிமையாளர் சண்முகம் முன்பு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்றவர். அயர்லாந்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு அவர் செவிலியர்களை அனுப்பி வந்தார். அவ்வில்லத்தின் தலைமைச் செவிலியர் ஒருநாள் எழுதினார்: நீங்கள் அனுப்புகிறவர்கள் ஊசி போடுவதில் குறையில்லை, ஆனால் முதியவர்களிடம் வாயே திறப்பதில்லை. இங்குள்ள முதியவர்கள் பேச்சுத்துணை தேடுகிறவர்கள். கதை சொல்வார்கள், கதை கேட்பார்கள். ஆகவே எங்கள் வழக்கங்களையும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். கடிதத்தோடு ஒரு கட்டுத் தாளும் வந்தது.

ஆங்கிலம் கற்பிக்கும் ஜான்சி அக்கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்கு இலக்கணமே போதும் என்று நகர்த்திவிட்டார். அது என் மேசைக்கு வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு நாள் படித்தேன். வெட்டக் கூடாத மரங்கள், மேடுகளுக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத மக்கள், சாவு வரப்போகும் வீட்டுக்கு வெளியே நின்று முன்கூட்டியே அழும் பெண். இதில் எதைத் தொடங்கி எதில் முடிப்பது என்று சண்முகத்திடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "அங்க பேய் கொஞ்சம் ஜாஸ்தியாட்ட இருக்குதுங்க டீச்சர். அதுக்கு ஒரு சிலபஸ் போட்டு, பரீட்சை வெச்சுருங்க."

ஒற்றை மரம்

முதல் பாடம் ஒற்றை மரம். வயலின் நடுவே தனித்து நிற்கும் முள்மரம், கண்ணுக்குத் தெரியாத அம்மக்களுக்கு உரியது. அதை வெட்டியவர் நலமாக இருக்க மாட்டார். சாலை போடுகிறவர்கள்கூட அதைச் சுற்றி வளைத்துப் போடுவதுண்டாம். வகுப்பு வியக்கும் என்று எதிர்பார்த்து, வியப்புக்காகப் பாடத்திட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். ஒருவரும் வியக்கவில்லை.

கடைசி வரிசையில் கோகிலா எழுந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். தனியார் மருத்துவமனையில் ஏழு ஆண்டு அனுபவம். கணவர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்களுக்குப் போய்விடுகிறவர். திருமணமாகி ஆறு ஆண்டுகளில் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்த நாள்களைக் கூட்டினால் ஓர் ஆண்டு தேறாது. "சண்டை போடறதுக்குக்கூட நாளு பத்தலைங்க டீச்சர்" என்று ஒருமுறை சொன்னாள். அங்கே வேலை கிடைத்தால் கணவரையும் அழைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அவள் அயர்லாந்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வேலையில் கெட்டிக்காரி. ஆனால் கணினித் திரைக்கு முன்னால் நேர்காணலுக்கு அமர்ந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்று முறைக்கு மேல் அந்த இல்லம் ஒருவரைப் பார்ப்பதில்லை.

என்னிடம் பேச அவளுக்கு எந்தப் பூட்டும் இல்லை. "எங்க சோளக்காட்டுலயும் ஒரு வேப்பமரம் நிக்குதுங்க டீச்சர். முனியப்பன் மரமுங்க. அதை எடுக்கறதுக்கு வந்த ஜேசிபிக்காரரு, மரத்தைப் பாத்துட்டு வண்டியைக்கூடத் திருப்பலைங்க, ரிவர்ஸ்லயே ரோடு வரைக்கும் போயிட்டாரு" என்றாள். உடனே மேலும் ஐந்து பேர் தத்தம் ஊர் மரங்களைப் பற்றிக் கூறினார்கள். என் முள்மரத்துக்கு நேரமே மிஞ்சவில்லை. கடைசியில் கோகிலாவே என்மீது இரக்கப்பட்டுக் கேட்டாள்: "அங்க முள்ளு மரம், இங்க வேப்ப மரம். இதுக்கு எதுக்குங்க டீச்சர் நோட்ஸு?"

பெயர் சொல்லாமை

அம்மக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது என்பது அயர்லாந்தின் பழைய கட்டுப்பாடு. பெயர் சொன்னால் அவர்கள் காதில் விழுந்துவிடும், விழுந்தால் தொல்லை. ஆகவே 'நல்லவர்கள்' என்று மரியாதையாகச் சொல்லி விட்டுவிடுவார்கள். இதை நான் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, அனைவரையும் மும்முறை எழுதச் செய்தேன். என் வகுப்பில் அடிக்கோடிட்டது தேர்வில் வரும் என்பது என் பழைய மாணவர்கள் அறிந்தது.

மறுவாரம் ஜான்சி மாதிரி நேர்காணல் நடத்தினார். அயர்லாந்து மக்கள் எவற்றையெல்லாம் நம்புகிறார்கள், பெயர்களோடு சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதல் பெண் கூரையைப் பார்த்தாள். இரண்டாமவள் தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி வாய் மூடி அமர்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பூச்சியங்களை எடுத்துக்கொண்டு ஜான்சி என்னிடம் வந்தார். நான் என்ன கற்பித்தேன் என்று கேட்டார். நான் வகுப்பைக் கேட்டேன். ஓமலூர் சுபா பணிவோடு குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். "பேர் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்க டீச்சர் எழுதிப் போட்டீங்க. நாலு மார்க் கேள்விங்க அது."

கிணற்றடித் துணி

அயர்லாந்தில் நோய் தீர்க்கும் கிணறுகள் உண்டு. துணிக் கிழிசல் ஒன்றை அந்நீரில் நனைத்து, நோவுள்ள இடத்தில் ஒற்றி, பக்கத்து மரத்தில் கட்டிவிட வேண்டும். துணி நைந்து போகப் போக நோவும் குறையும். இப்பாடத்தை உருக்கமாகவே நடத்தினேன் என்று நினைக்கிறேன். மரத்தில் தொட்டில் கட்டிப் பழகிய ஊர்க்காரர்கள் ஆதலால் இதற்கு எதிர்ப்பு இராது என்றும் நம்பினேன்.

சுபா கை தூக்கினாள். அவள் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருந்தவள் என்பதை நான் மறந்திருந்தேன். "புண்ணு மேல ஒத்துன துணியை மரத்துல கட்டுனா ஆருங்க டீச்சர் பொறுப்பு? அது ஆஸ்பத்திரிக் கழிவுங்க, மஞ்சப் பையில போட்டு எரிக்கக் குடுக்கற அயிட்டமுங்க."

ஒப்பாரி

சாவு வீட்டு வழக்கங்களுக்கு இரண்டு வகுப்புகள் ஒதுக்கினேன். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு அது தேவை. உயிர் பிரிந்ததும் கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியை மூடுவார்கள், ஆன்மா வெளியேறச் சன்னலைத் திறப்பார்கள். திறந்த சன்னலுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து மூடிவிட வேண்டும். இல்லையேல் போனவர் திரும்பி வந்துவிடக் கூடும். பிறகு ஊரார் உடலுக்குத் துணையாக அமர்ந்து கதை பேசுவார்கள். பெண்கள் இறந்தவரின் பெருமை சொல்லிப் பாடி அழுவார்கள். இந்த இடத்தில் கோகிலா, "அது நாங்களே பாடுவமுங்க" என்றாள்.

அப்படியானால் செய்துகாட்டு என்றேன். செய்முறைப் பயிற்சி இல்லாத பாடம் நிற்காது என்பது என் கொள்கை. இறந்தவர் ஒரு கற்பனை அயர்லாந்து முதியவர். நாற்பது ஆடுகள், ஒரு புகைக்குழாய், பிள்ளைகள் தூர தேசத்தில் என்று விவரம் கொடுத்தேன். கோகிலா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். நாற்பது ஆடும் பட்டிவாசலில் நின்று அவரைக் கேட்டன. புகைக்குழாய் சன்னல் திட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. பிள்ளைகள் வந்து சேரவில்லை. மூன்று செவிலியர்கள் உண்மையாகவே அழுதார்கள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன், அது வெயிலினால்.

கீழே சம்மட்டிச் சத்தம் நின்றது. பட்டறை மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி படியேறி வந்தார். பின்னால் ஆறு பேர், அவர்களும் துண்டில்லாத் தலையோடு. மேஸ்திரி வாசலிலேயே நின்று தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஆருங்க டீச்சர், பெரியவருங்களா? எப்பங்க எடுக்கறாங்க?"

சன்னல்

கோகிலாவின் மூன்றாவது நேர்காணலுக்குச் சண்முகம் தாமே முன்னேற்பாடு செய்தார். சன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்துச் சத்தத்தை அடைத்தார். நான் வாய் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்ததால், திரையில் விழும் சன்னலைத் தாண்டி, திரையில் விழாத மூலையில் ஒரு நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஜான்சி வாசலில் நின்றார்.

திரையில் தலைமைச் செவிலியர் தோன்றினார். நரைத்த தலை, நிதானமான முகம். பெயரைக் கேட்டார். கோகிலா சொன்னாள். அனுபவத்தைக் கேட்டார். "ஏழு ஆண்டு" என்றாள். அதோடு பூட்டிக்கொண்டது. அடுத்த நான்கு கேள்விகளுக்கு 'ஆம்' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அவற்றில் இரண்டு, ஆம் என்று சொல்லக்கூடாத கேள்விகள். ஆறு ஆண்டுகளாக வடக்கே கிணறு தோண்டிக்கொண்டிருக்கும் ஒருவர் இன்னும் ஆறு ஆண்டுகள் தோண்டுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடைசியாக அந்த அம்மையார் கேட்டார்: ஒரு முதியவர் உங்கள் கண் முன்னே உயிர் விடுகிறார். என்ன செய்வீர்கள்?

நாடி பார்ப்பேன், மருத்துவரை அழைப்பேன், நேரத்தைக் குறிப்பேன் என்று ஜான்சி மனப்பாடம் செய்வித்திருந்தார். கோகிலா எதையும் சொல்லவில்லை. எழுந்தாள். நேராக என் பக்கம் வந்து, துணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சன்னலை இரு கதவும் அகலத் திறந்தாள். லாரிக் கூண்டின் தகடடிக்கும் சத்தம் மொத்தமும் அறைக்குள் இறங்கியது. சண்முகம் தலையில் கை வைத்தார். கோகிலாவோ சன்னலுக்குக் குறுக்கே நிற்காமல் ஓர் அடி விலகி, கைகட்டித் தலை குனிந்து நின்றாள். நான் கற்பித்தபடியே.

அன்றைக்கு ஒப்பாரி பாடிய பெண் திறந்த சன்னலோரம் தலை குனிந்து நிற்பதைக் கீழிருந்து மேஸ்திரி பார்த்தார். துண்டை அவிழ்த்தார். கையை உயர்த்தினார். பட்டறை முழுவதும் ஒவ்வொரு சம்மட்டியாக ஓய்ந்தது. ஒப்பாரி நாளுக்குப் பிறகு அந்த அறையில் நான் கேட்ட முதல் அமைதி அதுதான். திரையில் அந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, எப்போது மூடுவீர்கள் என்று கேட்டார். கோகிலா திரையைப் பார்த்துத் தெளிவான ஆங்கிலத்தில் பேசினாள்: இரண்டு மணி நேரம் கழித்து மூடுவேன், அதற்கு முன்பே நாடி பார்த்து, மருத்துவரை அழைத்து, நேரத்தைக் குறித்திருப்பேன், அவர் பிள்ளைகள் தூரத்தில் இருந்தால், அவர்கள் வரும்வரை நானே பக்கத்தில் அமர்ந்திருப்பேன். அதன் பிறகு இருபது நிமிடம் இருவரும் பேசினார்கள். இடையில் முனியப்பன் மரமும் வந்தது.

திரை அணைந்தபோது மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அனைவரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, ஆள் குறையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என்னிடம் கேட்டார்: "இந்தத் தடவையாச்சும் நெசமாலுமேங்களா டீச்சர்?"

தேர்ச்சி

இந்த மழைக்காலத்தில் கோகிலா அயர்லாந்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். பாடத்திட்டத்தில் பிழைகள் இருந்தால் கூச்சப்படாமல் சொல் என்றேன். திருத்தம் செய்யாத குறிப்பேட்டை அடுத்த அணிக்குக் கொடுப்பது என் வழக்கமன்று. அவள் சொன்னாள்:

"ஜன்னலு மட்டும் அப்படியே சரிங்க டீச்சர். மத்ததெல்லாம் இங்க நெறையப் பெரியவங்களுக்கே மறந்துபோச்சுங்க, நாந்தான் நம்ம நோட்ஸ வெச்சு நடத்திட்டிருக்கறேன். எங்க ஊட்டுக்காரருக்குத்தான் குளுரு தாங்கலைங்க. நான் பழக்கத்துல ஊட்டு ஜன்னலைத் தொறப்பேன், அவரு வந்து மூடுவாரு. தினமும் இதே சண்டைங்க டீச்சர்."

அயர்லாந்துக்கே அயர்லாந்தைத் திருப்பிக் கற்பித்ததோடு, நாள் போதாமல் ஆறு ஆண்டுகள் தள்ளிப்போன ஒரு சண்டையையும் தொடங்கி வைத்துவிட்டேன் என்பதால், பார்க்காத நாட்டைப் பற்றிய என் பாடம் முழுத் தேர்ச்சி கண்டது என்றே பதிவேட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.