அனந்தபுரம் ஆலையில் கேட்காமல் விட்டது

எங்கள் அண்ணன் செஞ்சியில், கோட்டைக்குப் போகும் சாலையை ஒட்டிய தெருவில் பிறந்தார். பிறந்த வீட்டிலேயே கடைசி வரை வாழ்ந்தார். அவர் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அவருடைய இந்த நினைவு மலருக்கு எழுதும் கடமை எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த ஒன்றை எழுத நான்கு மாதம் ஆயிற்று.

எங்கள் அப்பா, நைனா என்று கூப்பிடுவோம், மாட்டு வண்டி ஓட்டினார். நெல் மூட்டை ஏற்றிப் போன இடத்தில் காளை மிரண்டு, சக்கரம் காலில் ஏறியது. அதன்பின் அவரால் நடக்க முடியவில்லை. அப்போது அண்ணன் எட்டாம் வகுப்பு. மறு மாதமே கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அரிசி ஆலையில் என்ஜினுக்கு எண்ணெய் விடும் வேலைக்குப் போய்விட்டார். அவர் படிப்பை விட்டதால்தான் நான் படித்தேன். பின்னாளில் அவரே அந்த என்ஜினுக்கு டிரைவர் ஆனார். அந்தச் சத்தத்திலேயே இருந்ததால் அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. வீட்டில் யாரும் அவரிடம் கத்திப் பேசியதில்லை. வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொள்வோம்.

அவருக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. என் ஒரே மகனைத் தன் பிள்ளை என்றே ஊரில் சொல்லுவார்.

ஆலைக்குக் கரண்ட் வந்ததும் என்ஜினைக் கழற்றினார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று. அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. நாமெல்லாம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். ஆலைக் கிணறுகள் அடி தட்டின. புழுங்கலரிசிக்கு நெல்லைத் தொட்டியில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி, அவித்து, அதன் பிறகுதான் களத்தில் காயப் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஆலை ஓடாது. முதலாளிகள் தொலைவில் இருந்த வயல் கிணறுகளிலிருந்து பெண்களைக் குடத்தில் சுமந்து வரச் செய்து கூலி கொடுத்தார்கள். வேலை கேட்கப் போன ஆலைகளில் எல்லாம் அண்ணன் வேலை கேட்பதை மறந்துவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

முதலில் வல்லத்தில் ஓர் ஆலை. நெல்லைத் தூற்றாமல் பதரோடும் மண்ணோடும் தொட்டியில் கொட்டினார்கள். அதனால் தண்ணீர் சீக்கிரம் நாறிப்போய் மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. தூற்றிவிட்டுக் கொட்டச் சொன்னார். தொட்டியின் அடியில் இருந்த விரிசலைத் தானே பூசினார். என்ஜினைக் குளிர வைத்துவிட்டுச் சூடாக வெளியே வரும் தண்ணீர் பள்ளத்தில் ஓடி வீணாயிற்று. அதற்கு ஒரு குழாய் வைத்துத் தொட்டிக்குத் திருப்பினார். வெந்நீரில் நெல் சீக்கிரம் ஊறியது. மலையாகக் குவிந்து கிடந்த உமியை அடுப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு மாதத்தில் அந்த ஆலைக்குத் தண்ணீர் பாதி போதுமென்று ஆயிற்று. விறகு வண்டி வருவது நின்றது. முதல் மாதத்தில் மிச்சமானதை அண்ணனுக்குக் கூலியாகக் கொடுப்பது என்று பேச்சு. முதலாளி சொன்னபடி கொடுத்தார். களத்தில் நெல் துழாவுகிறவர்கள் அண்ணனுக்கு மிச்சம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “மிச்சம் வர்றாரு, குடத்தையெல்லாம் ஒளிச்சி வைங்கடி” என்று அவர் காதில் விழும்படியே சொல்லிச் சிரிப்பார்களாம். வீட்டுக்கு வந்து அவரும் சொல்லிச் சிரித்தார்.

மறு வாரம் அந்த ஆலையில் தண்ணீர் சுமந்த பெண் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் அப்போது இருந்தேன்.

“தண்ணிய மிச்சம் புடிச்சிட்ட ணா. நான் மிச்சமாயிட்டேன். என்ன இன்னா பண்ணப் போற?”

அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு அவரோடு வல்லத்துக்கே திரும்பிப் போனார். களத்தின் ஓரத்திலும் ஆலைக்குப் பின்னாலும் சிந்திக் கிடக்கும் நெல்லை எலியும் குருவியும் தின்கின்றன, இரண்டு பேர் பொறுக்கிப் புடைத்தால் அவர்கள் கூலிக்கு மேலேயே கிடைக்கும் என்று முதலாளியிடம் வாதாடினார். அந்தப் பெண்ணுக்கும் இன்னொருவருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது.

அன்றிலிருந்து எந்த ஆலைக்குப் போனாலும் வாசலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்.

“தண்ணி குறையும், வெறகு குறையும். ஆளு குறையக் கூடாது. சம்மதம்னா நாளைக்கு வரேன்.”

என் ஆலையில் யார் இருக்க வேண்டும் என்று நீ சொல்கிறாயா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. ஒப்புக்கொண்டவர்கள் மூன்று ஆண்டுகளில் நான்கு பேர்தான். இந்த மலர் அவர்கள் கைக்கும் வரும். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

இனி எழுதப் போவதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். இடையில் எழுந்து போய்விட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “எழுதுங்க. மில்லுக்காரங்களும் இந்த மலர வாங்கிட்டுப் போவாங்க இல்ல” என்றார்கள்.

என் மகனுக்கு வெளியூரில் பி.யூ.சி. படிக்க இடம் கிடைத்தது. விடுதியில் சேர்க்க வேண்டும். கட்ட வேண்டிய பணம் கையில் இல்லை; நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் அனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆலையிலிருந்து அண்ணனுக்கு ஆள் வந்தது. நானும் உடன் போனேன். பஸ்ஸில் போகும்போது, இந்த ஒரு முறை நிபந்தனையைப் பேச வேண்டாம் என்று அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனேன். அவர் சன்னலுக்கு வெளியே கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி மரியாதையாக உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிறகு, “டிரைவரே, நீங்க ஏதோ கண்டிஷன் போடுவீங்கன்னு சொல்றாங்களே?” என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று நான் சொன்னேன்.

அண்ணன் மோரைக் குடித்துவிட்டுத் தொட்டியைப் பார்க்க எழுந்து போனார். ஆறு வாரம் அங்கே வேலை செய்தார். கூலியை அப்படியே என் கையில் கொடுத்தார். கல்லூரியில் கட்டிவிட்டு, மகனை விடுதியில் விட்டுவிட்டு நான் ஊர் திரும்பிய அன்று அண்ணன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“மூணு பேர நிறுத்திட்டாங்க தம்பி.”

அனந்தபுரத்து முதலாளியிடம் போய்க் கேட்கலாமே என்றேன். சொல்லாத நிபந்தனையை இப்போது எந்த முகத்தோடு கேட்பது என்றார். அதன்பின் அவர் எந்த ஆலைக்கும் மிச்சம் பிடித்துக் கொடுக்கப் போகவில்லை. தண்ணீர் சுமந்த அந்த மூன்று பெண்களுக்கு வேலை கேட்டுத்தான் போனார். உச்சி வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு வல்லத்துக் கடலை ஆலை, செஞ்சிக் கடைத்தெரு, அரைத்து முடித்துப் பூட்டிக் கிடந்த ஆலைகள் என்று எதையும் விடவில்லை. ஆளைக் குறைக்கிற டிரைவர் ஆளைச் சேர்க்கச் சொல்கிறாரே என்று ஓர் இடத்தில் சிரித்திருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் ஒரு நாளும் தடுக்கவில்லை. கூடவும் போகவில்லை.

வல்லம் சாலையில் ஒரு புளியமரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். இரண்டாம் நாள் காலையில் என்னை அடையாளம் கண்டு, “புள்ளைக்கு எல்லாம் கட்டியாச்சா?” என்று கேட்டார்.

“கட்டியாச்சு ணா.”

“சரி” என்றார். அதற்கு மேல் என்னிடம் எதுவும் பேசவில்லை. அவர் என்மேல் கோபமாக இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், நேரம் இருந்தது.

அண்ணனைச் சாலையிலிருந்து தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிய கப்பிக்கல் போடும் சாலைத் தொழிலாளர்களுக்கும், வழியில் எங்கும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசல் வரை வண்டியைக் கொண்டுவந்த டிரைவருக்கும் கண்டக்டருக்கும், இரண்டு நாளும் அருகிலிருந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாதபடி சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. என் மகன் தேர்ச்சி பெற்றுவிட்டான். அவனுக்கு அந்தக் கூலியின் கதை இந்த மலரில்தான் தெரியவரும். அவன் என்ன நினைப்பான் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

அண்ணன் போன அன்று அனந்தபுரத்து ஆலை முதலாளி அவர்கள் எல்லாருக்கும் முன்னதாக மாலையோடு வந்து கடைசி வரை நின்றார்கள். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர்கள் கேட்டார்கள், நான் இல்லை என்றேன். அன்று அண்ணன் கேட்க இருந்ததை இன்று நான் கேட்கிறேன். அந்த மூன்று பேரையும் தயவுசெய்து திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். களத்தில் அவர்களுக்கு வேலை இருக்கிறது. எங்கே, எப்படி என்பதை அண்ணன் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். கொண்டுவந்து கொடுக்கிறேன்.

மூவரில் குப்பு இப்போது கல் உடைக்கப் போகிறார். அஞ்சலை பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார்; அவருடைய தாயார் ஊரில்தான் இருக்கிறார். பச்சையம்மாள் எங்கே இருக்கிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் எனக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.