சுரங்கத்துக்குள் எல்லை

பாரிஸின் லா சப்பலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரயில்தான். ஒரு பக்கம் கார் து நோர் நிலையத்துக்குப் போகிற தண்டவாளங்கள், மறுபக்கம் கார் து லெஸ்டுக்குப் போகிறவை, நடுவில் எங்கள் மரக்கறிக் கடைகளும் நகைக்கடைகளும் நான் வேலை செய்கிற சேலைக் கடையும். இத்தனை வருடங்களாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் சேலை மடித்தும் ரயில் பாதைகளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எந்த மெத்ரோவில் ஏறி எங்கே மாறுவது என்பதோடு என் அறிவு முடிந்தது. ஆனால் இன்று ஒரேயொரு பாதையைப் பற்றி யாராவது கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். அதில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏறவும் மாட்டேன்.

அதற்கு முன் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளிக்கிடுகிற, அதாவது புறப்படுகிற, ஆளிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் மறுபடி படியிறங்க வேண்டும். அதனால் நாங்கள் "தூரமோ?" என்று மட்டும் கேட்போம். மெத்ரோ வாசலில் தெரிந்தவரைக் கண்டாலும் அதே கேள்விதான். அவரும் "இல்லை, உதிலை" என்பார், பக்கத்தில்தான் என்று அர்த்தம். மனிதர் பக்கத்து ஊரான திரான்சிக்குப் போகிறாரா அமெரிக்காவுக்குப் போகிறாரா என்று கடைசி வரைக்கும் தெரியாது. பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்து, பிள்ளைகளோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற நாங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இம்மியும் மாறவில்லை.

என் தம்பி இத்தாலியில், டூரினில் இருந்தான். தனியாக இருந்த ஒரு முதியவரைக் கவனிக்கிற வேலை. அவர் இறந்ததும் வேலை போனது. வேலை போனதும் சொஜோர்னோவை, அதுதான் அங்கத்தைய வதிவிட அட்டையை, புதுப்பிக்க முடியாமல் போனது. அது இல்லாமல் அங்கே இருக்கவும் முடியாது, எல்லை தாண்டி இங்கே வரவும் முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் என் மகளுக்குச் சாமத்தியவீடு வைத்தோம்.

மகள் பெரியவளாகி மாதக்கணக்கு ஆகியிருந்தது. பாரிஸில் பிள்ளை பெரியவளாகிற நாளுக்கும் விழா நாளுக்கும் சம்பந்தம் கிடையாது, மண்டபம் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள். பல்லக்கு, பூ வளைவு, புகை கக்குகிற இயந்திரம் எல்லாம் இவர் ஒழுங்கு செய்துவிட்டார். இவர் என்றால் என் கணவர், உணவகச் சமையலறையில் வேலை செய்பவர், எதையும் பெரிதாகச் செய்தால்தான் திருப்தி. ஆனால் தேங்காய் உடைக்கிறது தாய்மாமன். எனக்கு இருக்கிற ஒரேயொரு சகோதரம் அவன். போனில் நான் வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் காது கொடுத்துக் கேட்கவில்லை.

"மாமன் உயிரோடை இருக்கேக்கை வேறை ஆரன் தேங்காய் உடைக்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள் அக்கா?"

மகளிடம் சொன்னபோது, அப்பாவே உடைக்கட்டுமே, இதற்காக ஏன் ஒரு மனிதர் ஒளித்து வரவேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள். மாமனை அவள் போன் திரையில் மட்டுமே கண்டிருக்கிறாள். சின்ன வாயில் பெரிய கதை என்று ஏசினேன். அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் காலையில் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, வெளிக்கிடுறன்."

"தூரமோ?"

"ஓம், கொஞ்சம் தூரம்தான்."

"கவனமாப் போட்டு வா."

அவ்வளவுதான் எங்கள் கதை. புதன்கிழமை அவன் வந்திருக்க வேண்டும். வரவில்லை, போனும் நின்றுவிட்டது. அன்று கடையில் ஒரு மணப்பெண்ணுக்குக் கூறைச்சேலை எடுத்துக் காட்டியபோதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கத்தாலை வாறான்? கடல் பக்கமோ, மலைப் பக்கமோ?"

"நான் கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ? என்னப்பா நீர், இதைக்கூடவோ கேக்கிறேல்லை?"

"வெளிக்கிடேக்கை ஆரும் கேப்பினமே? நீங்களும்தானே அவனோடை கதைச்சனீங்கள். நீங்கள் கேட்டனீங்களோ?"

இவரும் கேட்டிருக்கவில்லை. ஒரு மனிதன் நாடு விட்டு நாடு ஒளித்து வருகிறான், அவன் எந்த வழியால் வருகிறான் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் பழக்கத்தைக் காப்பாற்றிவிட்டோம். எங்கே தேடச் சொல்லி யாரிடம் கேட்பது? எனக்கு எங்கள் மேலேயே மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

வியாழன் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், ரூ பஜோல் தெருவில் இருக்கிற நூலகத்துக்குப் போனேன். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன், உள்ளே போனதில்லை. அந்தக் கட்டடமே ஒரு காலத்தில் ரயில் சரக்குக் கொட்டகையாக இருந்ததாம். இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு வருகிற ரயில் பாதைகள் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் சுற்றுலாவுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பாள், படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றைச் சிரித்துக்கொண்டே தந்தாள்.

கடலோரப் பாதை எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அதைப் பற்றிக் கதைப்பார்கள். பிரான்ஸ் பக்கத்து முதல் நிலையத்திலேயே பொலிஸ் ஏறிப் பார்க்கும். மலைப் பாதையைப் பற்றி அன்றுதான் படித்தேன். கூனியோ என்ற ஊரிலிருந்து மேலே ஏறுகிறது. மலை செங்குத்தாக இருப்பதால் ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து, உள்ளே போன இடத்துக்கு நேர் மேலே வெளியே வருகிறது. பிறகு ஒரு நீண்ட சுரங்கம். அதற்குள் இத்தாலியில் நுழைந்து பிரான்சில் வெளியே வருகிறது. தாந்து, சென் தல்மாஸ், பிரெய் என்று பிரெஞ்சு ஊர்கள். பிரெய்யில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நீஸ் நகரத்துக்குப் போகிறது. மற்றது இன்னொரு சுரங்கத்துக்குள் புகுந்து திரும்பவும் இத்தாலிக்குப் போய் வென்டிமிலியாவில் கடலைத் தொடுகிறது. இரண்டு முனையிலும் இருட்டுக்குள் வைத்துத்தான் நாடு மாறுகிறது.

பாதையைப் போட்ட காலத்தில் எல்லை வேறு இடத்தில் இருந்தது. தாந்து அப்போது இத்தாலி. சென் தல்மாஸில் ஒரு சின்ன மலைக் கிராமத்துக்கு அரண்மனை மாதிரி நிலையம் கட்டினார்கள், எல்லை நிலையம் அல்லவா, வருகிறவன் வாயைப் பிளக்க வேண்டுமே. பிறகு உலகப் போர். பின்வாங்கிய ஜெர்மன்காரர் பாலங்களையும் சுரங்கங்களையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். போர் முடிந்ததும் எல்லையை மேலே நகர்த்தினார்கள், தாந்து பிரான்ஸ் ஆனது. இத்தாலிக்குப் போகிற பாதையை மட்டும் ஒரு தலைமுறை கடக்கும் வரைக்கும் இரண்டு நாடுகளும் அப்படியே போட்டுவிட்டன. உடைந்த பாலத்தின் கால்கள் ஆற்றுக்குள் நிற்கிற படம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தை என்னால் திருப்ப முடியவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் காங்கேசன்துறைப் பாதையும் அப்படித்தான் கிடந்தது. போரில் ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பிடுங்கி பங்கருக்கு, அதுதான் பதுங்குகுழிக்கு, கூரை போட்டார்கள். குண்டு போட விமானம் வரும்போது நானும் தம்பியும் அந்தக் கட்டைகளுக்குக் கீழேதான் குந்தியிருந்தோம். ஒருநாளாவது ரயிலில் ஏறுவதற்கு முன்பே தண்டவாளத்துக்குக் கீழே இருந்து பழகியவன் என் தம்பி. நூலகத்தில் அதை நினைத்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

அன்று பின்னேரம் போன் வந்தது. தெரியாத இலக்கம், தம்பியின் குரல்.

"அக்கா, நான் பிரான்ஸுக்கு வந்தனான்."

"எங்கை நிக்கிறாய்?"

"இப்ப இத்தாலியிலை."

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் அவனுக்கு வழி சொல்லியிருக்கிறார்: மலைப் பாதையால் போ, மலையெல்லாம் முடிந்து கடல் தெரிந்ததும் இறங்கு, அது நீஸ். பிரெய்யில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சுரங்கத்தால் வெளியே வந்ததும் பலகைகள் பிரெஞ்சில் இருப்பதைக் கண்டு தம்பிக்கு ஒரே சந்தோசம். யாரிடமும் வாய் திறக்கப் பயந்து யன்னலோரம் இருந்திருக்கிறான். பிரெய் வந்து போனது. இன்னொரு சுரங்கம் வந்து போனது. கடல் தெரிந்ததும் இறங்கினான். அது வென்டிமிலியா. போன் செத்துப்போனதால் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவும் முடியவில்லை, இது கூட நிற்கிற ஒருவனுடைய போன்.

"திரும்பி டூரினுக்குப் போ. தேங்காயும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்."

"நாளைக்கு விடிய அதே பாதையாலை மேலை நடப்பம் அக்கா. என்னோடை ரெண்டு பேர் இருக்கினம், வேறை நாட்டுக்காரர், நல்ல பெடியள். ரோட்டாலை போனாப் பிடிப்பினம். தண்டவாளத்தாலை போனாப் பிரெய் வரைக்கும் நேர் பாதை."

தண்டவாளத்தால் போவது என்றால் என்ன என்று மத்தியானம்தான் படித்திருந்தேன். ஒற்றைத் தண்டவாளம், ரயில் வந்தால் ஒதுங்க இடமில்லை. வழி முழுக்கச் சுரங்கம். அதில் ஒன்றுக்குள்தான் எல்லை. கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன். அவன் சிரித்தான். இவர் போனை வாங்கி வெருட்டிப் பார்த்தார். அவருக்கும் சிரிப்புத்தான் கிடைத்தது. பங்கருக்குள் இருந்தபோதும் அவன் இப்படித்தான் சிரிப்பான், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளி காலை கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன். நேற்றைய அதே இலக்கத்திலிருந்து போன் அடித்தது.

"அக்கா, வெளிக்கிடுறன்."

அவன் என் "தூரமோ?"வுக்குக் காத்திருந்தான். அதைக் கேட்காமல் அவன் காலெடுத்து வைக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். எல்லா வார்த்தையும் சொல்லித் தோற்ற எனக்கு மிச்சமாக ஒன்றுதான் இருந்தது. தெரிந்தே கேட்டேன்.

"எங்கை போறாய்?"

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு.

"என்னக்கா கேட்டனீங்கள்? உங்களுக்கு விசரோ?"

போனை வைத்துவிட்டான். பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை.

மத்தியானம் இவர் கடைக்கே வந்தார். வேலை நேரத்தில் அவர் என் கடைக்கு வந்ததே கிடையாது. செய்தி ஒன்றைத் திறந்து போனை நீட்டினார். அந்தப் பாதையில் ரயில்கள் நிறுத்தம், சுரங்கம் ஒன்றுக்குள் ஆட்கள் மேல் ரயில் மோதியிருக்கிறது. பெயரும் இல்லை, எந்த நாட்டவர் என்றும் இல்லை. தம்பி கதைத்த இலக்கமும் நின்றுபோயிருந்தது. இவர் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் அடித்துக் கேட்டார். சொந்தக்காரர் என்றால் பெயரைச் சொல்லுங்கள் என்றார்களாம். பெயரைச் சொல்லி, அவன் உயிரோடு இருந்தால், நாங்களே அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொல்லாமல் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்த மண்டபத்தை விடுவதா என்று இவர் கேட்டார். விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டால் அவன் இல்லை என்று நானே சொன்னது போலாகிவிடும். பட்டுச்சேலை கட்டி, வாசலில் நின்று, வந்த எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். மாமன் எங்கே என்று கேட்டவர்களிடம் "வந்துகொண்டிருக்கிறான்" என்று சொன்னேன். பல்லக்கில் வந்த மகள் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருந்தது.

தேங்காயை இவர்தான் உடைத்தார். முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் கோணலாகப் பிளந்து ஒரு துண்டு எங்கேயோ தெறித்தது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புகை இயந்திரம் தன் பாட்டுக்குப் புகை கக்கியது.

சாப்பாட்டுப் பந்தியில் நிற்கும்போது என் இடுப்பில் செருகியிருந்த போன் துடித்தது. தெரியாத இலக்கம். கழுவுகிற இடத்துக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா."

உன்னைப் பெற்ற வயிறு எரிய, எங்கே கிடந்தாய், ஏன் போன் எடுக்கவில்லை என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவன் தடுக்கவில்லை. அவன் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் கேட்டேன்.

"நீங்கள் அப்பிடிக் கேட்டாப்போலை எனக்குக் கால் எழும்பேல்லை அக்கா. உங்களிலை சரியான கோவம். தண்ணியைக் குடிச்சிட்டுக் கொஞ்சம் இருந்திட்டு வாறன் எண்டனான். அவங்கள் என்னைப் பாத்துச் சிரிச்சாங்கள். முன்னுக்குப் போறம், பின்னாலை வா எண்டிட்டுப் போட்டாங்கள்."

வெளியே மகளுக்கு ஆராத்தி எடுக்கப்போவதாக ஒலிபெருக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

"நான் பின்னாலை போனனான் அக்கா. சுரங்க வாசல் வரைக்கும் போனனான். அவங்களை ஒருத்தரும் எங்கை போறியள் எண்டு கேக்கேல்லை."