ஆமையின் அவசரம்

வீட்டில் அவளுக்குப் பெயர் ஆமை. வைத்தவர் வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். இவள் அடுப்பை அணைத்தோமா என்று இன்னொரு தரம் பார்த்து, பூட்டை இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். "ஆமை, நீ வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குக் குழந்தையே பொறந்துடும்" என்பார்.

இந்த மந்தத்தால் இரண்டு வேலை போயிற்று. மருந்துக்கடையில் வரிசை தெரு வரைக்கும் நீண்டது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில், "கை சுத்தம், வேகந்தான் சுத்தமா இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாகக் கிடைத்ததுதான் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடம்.

அறுவையில் எடுத்த கட்டியைத் தனித்தனி செல்லாகப் பிரித்து, ஒரு கண்ணாடிச் சில்லின் வழியே நீரோடு தள்ள வேண்டும். சில்லுக்குள் தலைமுடியை விடக் குறுகலான சந்துகள். பெரும்பாலான செல்கள் விறைப்பானவை, சந்தில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். கொஞ்சம் மட்டும் மெத்தென்று இருக்கும்; உடம்பைக் குறுக்கி நழுவி வெளியே வந்துவிடும். அந்த நழுவுகிற கூட்டம்தான் வில்லங்கம். மருந்துக்குச் சாகாமல் பதுங்கியிருந்து, எல்லாரும் அப்பாடா என்று உட்காரும்போது மறுபடி கட்டியை முளைக்க வைக்கிற தாய்ச்செல்கள் அதில்தான் அதிகம். தனியே பிடித்தால் எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கலாம்.

தள்ளுவதில்தான் சூட்சுமம். அழுத்தக் குமிழைக் கொஞ்சம் கூட்டினாலும் விறைப்பானதும் பிதுங்கி வந்து கலந்துவிடும். அவசரக்காரர்கள் கெடுத்துவிட்டுப் போன அந்த நாற்காலியில் ஆமை உட்கார்ந்தாள். பெரிய டாக்டரம்மா அப்புறம் அவளை யாருக்கும் விட்டுத்தரவில்லை.

புருஷனுக்கே குடலில் கட்டி வந்தது. அறுவை முடிந்து, அவர் சம்மதத்தோடு ஒரு துண்டு இங்கே வந்தது. கட்டைவிரல் நகமளவு, இன்னொன்று கிடையாது. அடுத்து என்ன மருந்து கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த மருத்துவர்கள், இங்கே ஏதாவது துப்பு கிடைத்தால் அதையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இது உன் கையால வேணாம்மா. வேற ஆளை உட்கார வைக்கிறேன்," என்றார் டாக்டரம்மா.

"இவ்வளவு மெதுவான கை இங்க வேற யாருக்கு மேடம் இருக்கு?"

பேச்சென்னவோ சரிதான். டாக்டரம்மாவும் விட்டுவிட்டார்.

காலையிலிருந்து அந்தத் துண்டின் செல்நீர் சில்லில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. புருஷன் வெளியே நடைக்கூடத்து பெஞ்சில். வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஆளா? இருமினார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல், அவளுக்குத் தெரியாதா என்ன. மறுபடியும் இருமினார். அவள் கை குமிழைத் திருகிவிட்டது. சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

குழாயில் நீர் கலங்கலாக வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். மெத்தென்றதும் விறைப்பானதும் ஒன்றாகக் கிடந்தன. திரும்ப ஓட்டலாமென்றால் பாதிக்கு மேல் கிழிந்து போயிருந்தன.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "வழக்கமான மருந்தே குடுப்பாங்க. அதுல நல்லானவங்களும் இருக்காங்க," என்றார்.

அவள் பெஞ்சுக்குப் போனாள்.

"கெடுத்துட்டேங்க. அவசரப்பட்டுட்டேன்."

"யாரு, நீயா?"

"நீங்க இருமிக்கிட்டே இருந்தீங்க."

அவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு உன்னைக் கரிச்சுக் கொட்டியிருக்கேன். ஒரு நாள் கேட்டிருப்பியா? இன்னைக்குப் போய்க் கேட்டியே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கடிகாரத்தைப் பார்க்காமல் எங்கேயும் உட்காராத மனிதர், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"நிதானமா அழுதுட்டு வா," என்றார். "எனக்கொண்ணும் அவசரமில்ல."