மூணாம் நம்பர் இஞ்சின்

எங்க வீட்டு மாடி ரூம்ல கட்டில் கிடையாது. கட்டில் கிடக்க வேண்டிய இடத்துல பெரிய பலகை, பலகை மேல தண்டவாளம், அதுல விரல் நீளத்துக்கு ஒரு ரயில் இஞ்சின். குத்தாலத்துல குளிக்க வார சொந்தக்காரவுக அதைப் பாத்துட்டு, "வீட்டுக்காரவுக ரயில்வேயில இருந்தாகளா?"ன்னு கேப்பாக. எங்க, பேங்க்ல இருந்தாக. ஆசைக்குக் காரணம் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

போன வருசம் அவுகளுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. திருநெல்வேலி டாக்டர் நரம்புன்னாரு, மாத்திரை எழுதினாரு. பாதி நின்னுது, பாதி நிக்கலை. ரயிலோட வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. கை நடுங்குனா திருகு ஆடும், திருகு ஆடுனா இஞ்சின் வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு நாள் பின்னால கோத்த பெட்டியெல்லாம் கவுந்துட்டு. அன்னைக்குக் கீழ இறங்கி வந்தவுக மாடிப்படி பக்கமே போகலை. சாப்பாடு குறைஞ்சுது, பேச்சு குறைஞ்சுது.

அப்படி இருக்கையில ஒரு நாள் போனைப் பாத்துக்கிட்டே, "ஏட்டி, டீகோடர்னு ஒண்ணு இருக்கு பாத்தியா"ன்னாக. நகத்தளவு சில்லு. அதை இஞ்சின் வயித்துக்குள்ள வச்சுட்டா, திருகு எப்படி ஆடுனாலும் வண்டி பதறாதாம், மெதுவா வேகம் எடுத்து மெதுவாக் குறைக்குமாம். "அது மட்டும் இருந்தா நான் ஓட்டிருவேன்ட்டி"ன்னாக. அந்தக் குரலைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! சரி, வாங்குங்கன்னேன்.

சில்லும், நம்பர் தட்டி ஓட்டுத புது கன்ட்ரோலரும் வந்து சேர்ந்த பெறகுதான் தெரிஞ்சுது, சில்லை ஈயத்தை உருக்கி ஒட்ட வேண்டியது நானாம். "நீ பிளவுசுக்குக் கொக்கி தைக்குதவதானே, என் கையைவிட உன் கை ஆயிரம் மடங்கு தேவலை"ன்னுட்டாக.

கொக்கி தைக்குதது வேற, இது வேற. சில்லுலேர்ந்து தலைமுடி கணக்கா வயருங்க. சிவப்பும் கறுப்பும் சக்கரத்துப் பக்கம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. ராத்திரி நேரம், வெளிய சாரல், ரூம்ல மங்கல் வெளிச்சம். எனக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒண்ணு போலத்தான் தெரியுது. மாத்தி ஒட்டுனா சில்லு புகைஞ்சு போகும்னு அவுக வேற பயங்காட்டுதாக. இன்னொரு சில்லு கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துது.

"இங்கன வைக்கவா, அங்கனயா?"

"அங்கன இல்லட்டி, அதுக்குப் பக்கத்துல."

"பக்கத்துலன்னா எந்தப் பக்கம்? வாயைத் திறந்து ஒழுங்காச் சொல்லுதியளா இல்லையா?"

ஒரு வழியா ஒட்டி முடிச்சேன். கன்ட்ரோலர்லேர்ந்து அந்தச் சில்லைக் கூப்பிட ஒரு நம்பர் உண்டாம், மூணு. ஏன் மூணுன்னு கேட்டா, புதுசா வார எல்லாத்துக்கும் மூணுதானாம். அது என்ன கணக்கோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை.

மறுநாள் காலையில அவுக குளிக்கப் போன நேரம், எனக்கு மனசு கேக்கலை. இம்புட்டுப் பாடுபட்டிருக்கு, பூசை போடாம எப்படி ஓட்ட? எலுமிச்சம்பழம் இஞ்சினைவிட உசரமா நின்னுது. அதனால சுண்டைக்காயை வச்சு இஞ்சினை ஏத்தி நசுக்குனேன். காருக்கு டயர்ல பூசுத மாதிரி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தீக்குச்சி நுனியால சந்தனம் தடவினேன். இஞ்சின் முகத்துல ஒரு சின்னப் பொட்டு.

அவுக வந்து பொட்டைப் பாத்துச் சிரிச்சாக. இஞ்சினைத் தண்டவாளத்துல வச்சாக. கன்ட்ரோலர்ல மூணைத் தட்டினாக. திருகினாக.

அசையலை.

திரும்பவும் தட்டினாக. வயர் மாறிப் போச்சோ? புகை வரலையே. கொஞ்ச நேரம் கழிச்சு கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு, "போதும்ட்டி. எல்லாத்தையும் பெட்டியில போட்டு யாருக்காவது குடுத்துரு"ன்னாக. கோவமே இல்லை அந்தப் பேச்சுல. அதுதான் எனக்குத் தாங்கலை.

"என்னத்தக் குடுக்க? ராத்திரியெல்லாம் கண்ணு எரிய எரிய ஒட்டிருக்கேன், ஒரு நிமிசத்துல குடுத்துருன்னு சொல்லுதியளே!"ன்னு கத்திட்டேன். கத்திக்கிட்டே இஞ்சினைப் பிரிச்சேன். ஒவ்வொரு வயராப் பாத்தேன். எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. பின்ன ஏன் ஓடலை? மண்டை காஞ்சுது. இஞ்சினைக் கவுத்துப் போட்டேன். சந்தனம் காஞ்சு சக்கரத்துல பொருக்கா ஒட்டியிருந்துது.

"ஏங்க, சக்கரத்துல சந்தனம் இருந்தா ஏதும் செய்யுமா?"

"சக்கரத்துலயா பூசுன?"

"பின்ன, வண்டிக்கு எங்க பூசுவாக?"

"ஏ கூறுகெட்டவளே, கரண்டே தண்டவாளத்துலேர்ந்து சக்கரம் வழியாத்தான்ட்டி ஏறணும்!" சொல்லிக்கிட்டே சிரிச்சாக பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாக. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். எனக்கு வெக்கமும் வந்துது, அந்தச் சிரிப்பைக் கேட்டு அழுகையும் வந்துது.

பஞ்சுல ஸ்பிரிட்டை நனைச்சுத் துடைச்சேன். அவுக கன்ட்ரோலர்ல என்னமோ நம்பரெல்லாம் தட்டிப் பதறாம ஓடச் சொன்னாக. பெறகு திருகுல கை வச்சாக. கை நடுங்கத்தான் செஞ்சுது. நான் கையைப் பாத்தேன், இஞ்சினைப் பாத்தேன், திரும்பக் கையைப் பாத்தேன். இஞ்சின் பாட்டுக்கு மெதுவாக் கிளம்பி, வளைவுல திரும்பி, ஒரு குலுக்கல் இல்லாமப் போச்சு.

ஒரு சுத்து முடிஞ்சதும், "இந்தா, நீ ஓட்டு"ன்னு கன்ட்ரோலரை என்கிட்ட நீட்டினாக. எனக்கு அழுகை நிக்கலை, வாங்குன கை கிடுகிடுன்னு ஆடுது.

"எனக்குக் கை நடுங்குதுங்க."

"நடுங்கட்டும்ட்டி"ன்னாக, "நீ ஓட்டு."