அரை டம்ளர் பால்

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் அதிகம் வாயடிப்பவர்கள் நானும் என் சிநேகிதியும்தான். வந்தவர்களுக்குச் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருப்போம். அவள் கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். எனக்கு வீடு உள்ளூரிலேயே. அவளுடைய நாலு வயது மகள் என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். எனக்குக் குழந்தை இல்லை. அப்படிக் கூப்பிட ஒரு வாய் இருக்கிறதே என்று கொஞ்சம் அதிகமாகவே செல்லம் கொடுத்து வைத்திருந்தேன்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஒரு பக்கச் சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கும் வழியில் அடைப்பு என்றார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும், நாள் கடத்தினால் அந்தச் சிறுநீரகமே வீணாகிவிடும் என்றும் சொல்லிவிட்டார்கள். விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் சர்ஜன் சென்னையிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். முதலில் குறித்த நாளில் குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்து நாள் கிடைத்தபோது, லாரி ஓட்டும் அவள் கணவர் வடக்கே போக வேண்டிய லோடை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டு வந்து நின்றார்.

"சின்ன ஆபரேஷன்தானாமே" என்று கடையில் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளுக்குச் சின்ன ஆபரேஷன் என்று ஒன்று உண்டா?

அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போனேன். குழந்தைக்கு வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது, வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் முந்தின ராத்திரியே சொல்லியிருந்தார். அவளும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அவளிடம் அந்தப் பழமொழி செல்லாது.

ஏதோ அவசர கேஸ் உள்ளே போய்விட்டதால் எங்கள் முறை தள்ளிக்கொண்டே போனது. குழந்தை பசி பசி என்று அழுது தொண்டை கட்டிப்போனது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போன நான் திரும்பி வந்தபோது அழுகை நின்றிருந்தது. குழந்தை கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். மேலுதட்டில் வெள்ளையாக ஒரு கோடு.

"இன்னாடி குடுத்த?" என்றேன்.

"பசி தாங்கலடி. அரை டம்ளர் பால்தான். சோறு கீறு ஒண்ணும் குடுக்கல."

அவள் முட்டாள் இல்லை. அந்தக் குழந்தைக்காகக் கிருத்திகை தவறாமல் விரதம் இருந்துகொண்டிருந்தவள். அவள் இருக்கும் விரதத்துக்குப் பாலும் பழமும் ஆகும். வெறும் வயிறு என்றதை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். எனக்குப் பித்தப்பைக் கல்லை எடுத்தபோது மயக்க மருந்து கொடுத்த டாக்டர் விளக்கியிருந்தார். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். அதைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது. ஆனால் அடுத்த நிமிஷமே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதடி. கொஞ்சூண்டுதான், அதுக்குள்ள செரிச்சுடும். இந்த வாட்டியும் தள்ளிப் போச்சுன்னா அவரு லோடுக்குப் போயிடுவாரு. நான் தனியா இவளைத் தூக்கிக்கினு இன்னா பண்ணுவேன்? புள்ளைக்குக் கிட்னி போயிடும்டி."

"நீயே போய்ச் சொல்லிடு" என்றேன். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து கேட்டார்.

"குழந்தைக்கு ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

"இல்ல சிஸ்டர்" என்றாள் அவள்.

"பால் குடுத்துட்டாங்க சிஸ்டர். இப்பத்தான்" என்றேன் நான். எனக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. வார்டே திரும்பிப் பார்த்தது.

மயக்க டாக்டர் வந்தார். திட்டவில்லை. பால் குடித்திருந்தால் ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், அதற்குள் சர்ஜன் கிளம்பிவிடுவார், அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றார். அவள் கணவர் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அவள் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பெத்திருந்தா தெரியும் உனக்கு."

யார் எது சொன்னாலும் பதிலுக்கு ஒன்று கொடுக்காமல் விடாதவள் நான். அன்றைக்கு என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தனியாகப் பஸ் ஏறி, திண்டிவனம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன்.

அந்த வாரம் அவள் கடைக்கு வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. இரண்டு நாள் கெஞ்சலாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எனக்கும் கோபம் வந்து விட்டுவிட்டேன். உயிரைக் காப்பாற்றினவள் நான், நான் ஏன் தொங்க வேண்டும்? கோபம் பகலுக்குப் போதுமானதாக இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பயம் பிடித்துக்கொள்ளும். இந்த வாரத்தில் மறுபடி காய்ச்சல் வந்துவிட்டால்? இந்த ஒரு வாரத்தால்தான் கிட்னி போனது என்று ஆகிவிட்டால்? சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அவரு லோடு ஏத்திக்கினு போயிட்டாரு. நாளைக்கு அட்மிட் ஆவணும். வர்றியா?"

"வர்றேன்" என்றேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் இடம் பிடித்து வைத்திருந்தேன். கூட்டேரிப்பட்டில் ஏறினாள். குழந்தை நேராக என் மடிக்கு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் டிக்கெட்டைப் பற்றியும் பையை எங்கே வைப்பது என்பதைப் பற்றியும்தான் பேசினோம். அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பொய் சொல்வானேன், விழுப்புரம் வரும்வரை எதிர்பார்த்தேன்.

மறுநாள் காலையில் குழந்தை எழுந்ததும் தண்ணீர் கேட்டாள். இல்லை என்றதும் அழ ஆரம்பித்தாள். பெற்றவள் சமாதானம் சொல்லிப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"நீ வெச்சிக்க. எங்கிட்ட இருந்தா நான் குடுத்துடுவேன். நீ குடுக்க மாட்ட."

சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

குழந்தை என்னை அடித்தாள், கடித்தாள், "கெட்ட பெரிம்மா" என்று கத்தினாள். இத்தனை நாள் கொடுத்த செல்லமெல்லாம் ஒரு காலையில் கரைந்துபோனது. கடைசியில் அழக்கூட முடியாமல், காய்ந்த உதட்டோடு, "ஒரே ஒரு வாயி பெரிம்மா" என்று கெஞ்சினாள். பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் நினைத்ததுபோல் நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. கொடுத்திருப்பேன். அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதால்தான் கொடுக்கவில்லை.

நர்ஸ் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவள் வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்" என்றேன்.

தியேட்டர் கதவு சாத்தியதும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சர்ஜன் வெளியே வந்து அடைப்பை எடுத்தாகிவிட்டது, கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகும் விடவில்லை.

சாயங்காலம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் வந்து சொன்னார். அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஸ்பூனோடு என்னிடம் நீட்டினாள்.

"மொத வாயி நீ குடுடி."

எனக்கு முன்னால் இருந்தது எதுவும் தெரியவில்லை, கண்ணெல்லாம் நீர். ஒரு ஸ்பூன் எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனேன். குழந்தை அரைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டாள்.

"பெரிம்மா வாணாம். அம்மா குடு."

ஸ்பூனை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். தண்ணீர் சிந்தாமல் இருக்க நான் டம்ளரை அதற்கடியில் பிடித்துக்கொண்டேன்.