பிரிஸ்கில்லா அக்கா வாங்கிய ஃபிளாஷ்

எந்த வீட்டுக்குள் போனாலும் பிரிஸ்கில்லா அக்கா முதலில் அண்ணாந்து பார்ப்பார். ஏழெட்டு வருடமாக இதைக் கவனித்திருக்கிறேன். வாங்க என்று கூப்பிட்டவர்களின் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "இன்னாம்மா, பல்லி தேடறியா?" என்று எங்கள் தெருப் பெண்கள் கேலி செய்வார்கள்.

அவர் தேடியது வெள்ளையை. கூரை வெள்ளையாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். வெளிச்சம் அங்கே மோதிப் பரவி, மெதுவாக முகத்தில் இறங்கும். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட கூரை சுலபத்தில் கிடைக்காது. ஓலை, ஆஸ்பெஸ்டாஸ், நீலத் தார்ப்பாய். நீலத்தில் பட்ட வெளிச்சம் நீலமாகத்தான் திரும்பி வரும்.

அக்கா பன்னிரண்டாவது முடித்ததும் உத்திரமேரூரிலிருந்து தினமும் பஸ்ஸில் காஞ்சிபுரம் போய், ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருடம் ஆல்பம் டிசைன் செய்தார். டிசைன் என்பது பெயர்தான். கல்யாணப் பெண்களின் முகத்தை கம்ப்யூட்டரில் வெளுக்க வைப்பதுதான் முக்கால்வாசி வேலை. "மாவு பூசற வேலைடி" என்பார். ஒருநாள் அவருடைய சித்தப்பா மகளின் கல்யாணப் படங்களே அவர் மேசைக்கு வந்தன. முதலாளி சொன்ன அளவுக்கு வெளுக்க வைத்தார். ஆல்பத்தைப் பார்த்த தங்கை கோபப்படவில்லை. "சூப்பரா கீதுக்கா, நானே இல்ல போல கீது" என்று சந்தோஷப்பட்டாள். அடுத்த மாதமே அக்கா வேலையை விட்டுவிட்டார்.

"அவ அழுதிருந்தா கூட பரவால்ல. சந்தோசப்பட்டாளே, அதான் பேஜாரா பூட்ச்சு. வெளிச்சம் சரியா வுழுந்தா நம்ம மூஞ்சி இன்னா கலரோ அதே கலர்ல அழகாதான் கீது. வுழ வெக்கத் தெரியாதவந்தான் மாவ எடுப்பான்."

பழைய கேமரா ஒன்றை வாங்கினார். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று பெண்கள் கூடும் விசேஷங்களுக்கு, பெண் என்பதால் அவரைக் கூப்பிட்டார்கள். ஃபிளாஷ் மட்டும் இரவல். போன வருடம் அது எரிந்துபோனது. அந்தச் சமயத்தில்தான் சாலவாக்கத்தில் நிலபுலன் உள்ள சுலோச்சனா அம்மா, தன் மகள் இளமதியின் வளைகாப்புக்குக் கூப்பிட்டிருந்தார். மாவு பூசாத ஆல்பம் ஒன்றை அந்த மாதிரி வீட்டில் கொடுத்து, அவர்கள் அதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அதற்கு நல்ல ஃபிளாஷ் வேண்டும்.

நான் பி.காம். முடித்து, வேலைக்கான பரீட்சைகள் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள். ஃபிளாஷ் பற்றி இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அக்கா என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். நான்கு நாள் செல்போனில் படித்தேன். எல்லோரும் ஒன்றைத்தான் புகழ்ந்தார்கள்: கேமரா கம்பெனியே போடும் ஃபிளாஷ், எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அதுவே அளந்துகொள்ளும். அக்கா மனதில் இருந்தது வேறு. கையால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சாதாரண ஃபிளாஷ். கம்பெனியின் அந்தப் பெரிய ஃபிளாஷ் விலைக்கு அதில் இரண்டு வாங்கி, ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தலாம்.

காஞ்சிபுரத்தில் கடைக்காரர் வசந்த்குமார் இரண்டையும் எடுத்து வைத்து, பெரியதைக் காட்டினார். "ஆட்டோல போட்டுட்டு கண்ண மூடிக்கினு அடிக்கலாம்க்கா."

"கண்ணத் தொறந்துக்கினு அடிக்கத்தானே எனக்குக் காசு குடுக்கறாங்க?"

"அது சரி. உன் வாய்க்கு ஃபிளாஷே வேணாம்" என்று அவர் சிரித்தார்.

அக்கா பெரிய ஃபிளாஷை மாட்டி, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அலமாரி பளபளத்தது. என் முகம் இருட்டாக இருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பின்னாடி கண்ணாடி இருக்கறதாலக்கா" என்றேன். "விசேஷ வீட்ல ஏது கண்ணாடி?"

"அப்படியா சொல்ற?"

"எல்லாரும் எழுதியிருக்காங்கக்கா."

"சரி. நீ படிச்ச பொண்ணு" என்று பெரிய ஃபிளாஷையே வாங்கிவிட்டார். கண்ணெதிரே இருந்த படத்தைவிட, யாரோ எழுதியதை நான் ஏன் பெரிதாக நினைத்தேன்?

வளைகாப்பு அன்று பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பந்தலில் அக்கா அண்ணாந்து பார்த்தார். கத்தரிப்பூக் கலர் துணி. மேலே அடிக்க முடியாது, நேராகத்தான் அடிக்க வேண்டும். மணைக்குப் பின்னால், மேலிருந்து கீழ்வரை தங்க ஜிகினாத் திரை. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் இன்னும் வரவில்லை. மணையில் உட்கார்ந்ததும் இளமதி சொன்னாள், "முதல் வளையல் எல்லம்மா போடட்டும்."

எல்லம்மாள் அத்தை எங்கள் தெருக்காரர். சுலோச்சனா அம்மாவின் நிலத்தில் முப்பது வருடமாக நடவு நடுகிறார்; அன்றும் வயலிலிருந்து நேராக வந்திருந்தார். சுலோச்சனா அம்மா நோயில் படுத்திருந்த இரண்டு வருடமும் இளமதியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். இளமதி அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஆனால் அந்தக் கூப்பிடலில் பாசம் இருந்தது.

சுலோச்சனா அம்மா வாசலைப் பார்த்தார். "சரி, ஜனங்க வர்றதுக்குள்ள சட்டுனு போட்டுடு."

"நானா? கையெல்லாம் சேறும்மா."

"கழுவிக்கினு வா எல்லம்மா. உன் கையிக்கு சேறு புதுசா?" என்று இளமதி சிரித்தாள்.

அத்தை கழுவிய கையை முந்தானையில் துடைத்துவிட்டு இரண்டு பச்சை வளையல் போட்டார். அக்கா நான்கு படம் எடுத்தார். அதற்குள் வாசலில் கார் சத்தம். அத்தை பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அக்கா கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். ஜிகினாவின் மினுமினுப்பைப் பார்த்து, வெளிச்சம் போதும் என்று ஃபிளாஷ் தானே குறைத்துக்கொண்டிருந்தது. இளமதியின் முகம் மங்கலாகவாவது இருந்தது. அத்தையின் சேலைக் கரை தெரிந்தது, கை கொஞ்சம் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு.

அக்கா ஃபிளாஷை ஆட்டோவிலிருந்து மாற்றினார். அளக்கும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் பிரமாதம். கறுத்த முகம், மாநிற முகம், மஞ்சள் பூசிய முகம், எல்லாம் அதனதன் நிறத்தில் வந்தன.

நடுவே சுலோச்சனா அம்மாவிடம் போய், "அம்மா, எல்லம்மா அத்தை வளையல் போட்டத இன்னொரு வாட்டி..." என்றார்.

"போட்ட வளையலக் கழட்டுவாங்களா? புள்ள பொறக்கறவரைக்கும் கழட்டக் கூடாது."

"கழட்ட வேணாம்மா. சும்மா கைய வெச்சாப் போதும்."

"இத்தினி பேரு வந்து உக்காந்துக்கினு கீறாங்க. அதான் ஆயிடுச்சே, வுடு." கோபமாகச் சொல்லவில்லை. வந்தவர்களைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த நான்கு படங்களையும் வெளுக்க வைத்துப் பார்த்தார் அக்கா. முகம் புள்ளி புள்ளியாக, சாம்பல் பூத்து மேலே வந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடிவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை. சுலோச்சனா அம்மா கேட்கவும் இல்லை. ஆல்பம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அத்தையிடம் அக்காவே போய்ச் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. "தப்பு எம்மேலதான் அத்தை. கேமரா எடுத்தாந்து உன்ன தனியா அழகா எடுத்துத் தரேன்."

"எம் மூஞ்சிய நான் கண்ணாடில பாத்துக்க மாட்டனா? அந்தப் பொண்ணு கையும் என் கையும் சேந்தாப்புல வோணும்டி. வூட்ல மாட்டி வெக்கணும்."

"சரி அத்தை. பாப்பாவோட இளமதி வரட்டும். ரெண்டு பேரையும் உக்கார வெச்சி எடுத்துத் தரேன். இது என் கடன்."

இளமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் ஓசூருக்குப் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் இங்கே இருந்த நாட்களில் அக்காவுக்கு வரிசையாக முகூர்த்தங்கள். ஒருநாள் கேட்டுவரத் தனியாகப் போகத்தான் செய்தார். அத்தையையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேற என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல், தெருமுனையிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பயமா, வெட்கமா என்று நான் கேட்கவில்லை.

இந்தச் சித்திரையில் அக்கா குடும்பத்தோடு செங்கல்பட்டுக்குக் குடிபோனார். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அத்தையைப் பார்த்தேன்.

"பிரிசி போன் பண்ணுச்சா?"

"பண்ணாங்க அத்தை. உங்களக் கேட்டாங்க."

"ஆடிக்கு இளமதி வருதாம். சொல்லு பிரிசிகிட்ட. நடவு இருந்தாலும் ஒரு மணி நேரம் கேட்டுக்கினு வந்துர்றேன்."

சொல்கிறேன் என்றேன். போனை எடுத்தாலே தெருமுனையில் திரும்பிய அந்த வண்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது; அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை.