நூற்றைம்பது தோல்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பரீட்சை எழுதியவன் நான். இரண்டாவதாக ஒரு பரீட்சை அப்பாவுக்கு வந்தது. அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை, ஊத வேண்டும்.

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்ப்ரே ரூமில் இருந்தார். பதம் செய்து முடித்த தோலின்மேல் துப்பாக்கி போன்ற ஒன்றைப் பிடித்துச் சாயம் அடிக்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் வாசலோரம் நின்று காறித் துப்பிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அந்தச் சளியைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவார், இன்றைக்கு கம்பெனியில் கறுப்பு ஓடியதா, பிரவுன் ஓடியதா என்று. நானும் தங்கையும் அதை ஒரு விடுகதை மாதிரி வைத்துக்கொண்டிருந்தோம். யார் முதலில் கலரைச் சொல்கிறோம் என்று போட்டி.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, கம்பெனியில் எல்லோருக்கும் மூச்சுப் பரிசோதனை நடக்கப் போவதாக போர்டில் எழுதிப் போட்டார்கள். எதற்கு என்று எழுதவில்லை. எழுதாததை டீக்கடை சொல்லிவிட்டது: மூச்சு கம்மியாக இருக்கிறவர்களுக்கு கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அப்பா அன்று சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "டேய், படிச்சவன் நீதான். மூச்சு ஜாஸ்தியா வர்றதுக்கு இன்னா பண்ணணும்? உன் புக்குல இருக்குதா பாரு."

இருந்தது. சுவாச மண்டலம் என்று ஒரு பாடமே இருந்தது. இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பில் நுரையீரல் படம். மூக்கிலிருந்து தொடங்கி, தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழல் என்று விரலை வைத்து இறக்கினேன். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது, அது மரக்கிளை மாதிரி பிரிந்துகொண்டே போய், கடைசியில் திராட்சைக் கொத்து மாதிரி காற்றறைகளில் முடிகிறது என்றேன். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் எங்களைக் கேட்பதுபோல நானும் நடுநடுவே அவரைக் கேள்வி கேட்டேன்.

"நுரையீரல் தானா விரியாது. அதுக்குக் கீழ இருக்கிற உதரவிதானம் இறங்குனாத்தான் விரியும். எங்க, சொல்லுப்பா. உதரவிதானம்."

"உதர... இன்னாடா அது, வாயில நொழயல."

"தசைப்பா. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தடுப்பு மாதிரி இழுத்துக் கட்டினது."

"அப்ப தோலு மாதிரின்னு சொல்லு, புரிஞ்சிடும். உள்ளயும் ஒண்ணு இழுத்துக் கட்டித்தான் அனுப்பியிருக்கான்" என்றார்.

பாடம் முடிந்ததும் செய்முறை. கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியை அம்மா கொளுத்தி முக்காலிமேல் நிறுத்தினார். அப்பா ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, நான் சொல்லிக்கொடுத்தபடி வயிற்றை உப்பி, நெஞ்சை நிமிர்த்தி ஊதினார். சுடர் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்துகொண்டது. மறுபடி ஊதினார். மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது. தங்கை அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே எட்டி ஊதினாள், அணைந்துவிட்டது.

"நல்ல கம்பெனி மெழுகுவத்திடி இது, ஆள் பார்த்துதான் அணையுது" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வாசலுக்குப் போய்விட்டது. நாங்கள் வழக்கம்போலக் கலர் பார்க்கப் பின்னால் ஓடினோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கபடி ஆடுகிறவர். ஒரே மூச்சில் எதிரணிக்குள் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிற ஆள். "இன்னாத்துக்குண்ணே பேஜாரு? உனுக்குப் பதிலா நான் ஊதிட்டு வந்துடறேன்" என்றார்.

அப்பா வேண்டாம் என்றார். ஆனால் பரிசோதனையன்று காலையில் அப்பாவின் யூனிபார்ம் சட்டையை அம்மாதான் தேய்த்துக் கொடுத்தார், சித்தப்பாவின் கையில். ஸ்ப்ரே ரூமில் யாரும் போடாத மாஸ்க்கை அன்று சித்தப்பா போட்டுக்கொண்டு போனார். அடையாள அட்டையை யாரும் சந்தேகப்படவில்லை. அதிலிருந்தது அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த போட்டோ. அந்த முகம் பரிசோதனை சமயத்து அப்பாவைவிடச் சித்தப்பாவைப் போலத்தான் இருந்தது.

சாயங்காலம் பிரியாணிப் பொட்டலங்களோடு வந்த சித்தப்பா, நடந்ததை நடித்தே காட்டினார். "அந்தப் பொண்ணு மெஷினை கையில குடுத்துட்டு, ஊதுங்க ஊதுங்க ஊதுங்கன்னுது. நான் விட்டேன் பாரு ஒரு தம்மு! போதும்ணா, நிறுத்துங்கண்ணாங்குது. டாக்டரே எழுந்து வந்துட்டாரு. ஸ்ப்ரே ரூம்ல இத்தினி வருசம் இருந்துட்டா இந்த மூச்சுன்னு என் முதுகுல தட்டுறாரு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டாக்டர் தட்டிய முதுகை அப்பா ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

எதிர்வீட்டு பாய் அப்பாவோடு அதே ஸ்ப்ரே ரூமில் வேலை செய்தவர். அவருக்குத் தம்பி கிடையாது. தானே போய், தன் மூச்சையே ஊதிவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். டீக்கடை சொன்னது போலக் கணக்கு முடிக்கவில்லை. இனி ஸ்ப்ரே ரூம் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி, பேக்கிங்கில் போட்டார்கள். பெண்கள் உட்கார்ந்து டப்பா மடிக்கிற இடம் அது. அன்று மாலை பாய் எங்கள் வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னா பண்றது தோஸ்த்து, பொம்பளைங்க கூட உக்கார வச்சிட்டாங்க. வீட்ல அவ அழுதுனு கெடக்குறா."

"வுடு பாய். அடுத்த வாட்டி பாஸ் பண்ணிடலாம். எம் பையன்கிட்ட டியூசன் வச்சிக்கோ" என்று அப்பா தேற்றினார். நான் உள்ளே உட்கார்ந்து, பாய்க்கு எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். பரீட்சை என்றால் பாஸாக வேண்டும், பெயிலானவர்கள் பாவம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கொண்டுவந்து சேர்த்த முதல் அறிவு அதுதான்.

பாய் விட்டுப்போன துப்பாக்கியையும் சூப்பர்வைசர் அப்பாவிடமே கொடுத்தார். "உனுக்கென்னப்பா, நல்ல தம்மு இருக்குதாமே" என்றாராம். அப்பா அந்த இரண்டு இடத்தையும் பல வருடங்கள் பார்த்தார்.

பாய் இன்றும் விடிகாலைத் தொழுகைக்கு நடந்துதான் போகிறார், நடுவில் ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. அப்பா நடப்பதில்லை. சுவரில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். வேலூரில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் ஊதச் சொல்லிப் பார்க்கவில்லையா என்று கேட்டார். நானும் அம்மாவும் தரையைப் பார்த்தோம். கூட வந்திருந்த சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்பாதான் பதில் சொன்னார்:

"பார்த்தாங்க சார். பாஸு."

பாய் டப்பா மடிக்கப் போன அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நான் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, திராட்சைக் கொத்து இருந்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார். "இது மொத்தம் எவ்ளோ இருக்கும்டா?"

வகுப்பில் சார் சொன்னது ஞாபகம் வந்தது. "காத்தறை எல்லாத்தையும் பிரிச்சு விரிச்சா எழுபது சதுர மீட்டர் வருமாம்ப்பா."

"மீட்டரு தெரியாது. அடியில சொல்லு."

நோட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்து, எழுநூற்றைம்பது சதுர அடி வரும் என்றேன். அப்பா கண்ணை மூடி விரல்களை மடக்கினார். தோலைச் சதுர அடியில் அளந்தே பழகியவர். "ஒரு ஆட்டுத்தோலு அஞ்சடி வையி. அப்ப நூத்தம்பது தோலு." நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இதுக்குள்ளயா?"

"ஆமாம்ப்பா. மடிச்சு மடிச்சு வச்சிருக்குது."

அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டார்: "நூத்தம்பதுல ஒரு பத்து, இருவது தோலு ரிஜக்ட் ஆவுதுன்னு வையி. இன்னாடா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதுப்பா. மீதிதான் அவ்ளோ இருக்குதே."

"அதானே" என்றார். என் தலையில் கை வைத்து அழுத்தி எழுந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்பாவுக்கும் அறிவியல் பிடித்துப் போய்விட்டது என்று நினைத்து, அடுத்த பாடத்தையும் சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் பக்கத்தைத் திருப்பினேன்.